சம்பளச் சீட்டில் ஒரு சின்ன வரி!

சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் மதுரையில் ஒரு மர்மக் காய்ச்சல் பரவும். அழகர் வைகையில் இறங்குகிற அன்றைக்கு எந்த ஆபீஸுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள்... பாதி நாற்காலி காலி! ஒருத்தருக்கு வயிற்று வலி, இன்னொருத்தருக்குத் தலைசுற்றல். மூன்றாமவருக்குப் பாட்டி சீரியஸ். (அந்தப் பாட்டி போன வருஷமும் இதே தேதியில்தான் சீரியஸாக இருந்தார்!) காலையில் ஆற்றுக்குள் போனால் மூன்று பேரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். 'மாட்டிக்கிட்டோமே' என்று அவர்கள் பயப்படத் தேவையில்லை. பக்கத்திலேயே மானேஜரும் நின்றுகொண்டிருப்பார். அவருக்கும் அன்றைக்குக் காய்ச்சல்!

பொய்க்கு லீவு எடுப்பதில் நம்ம ஆட்களுக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம். ஆனால் நிஜமாகவே படுத்துவிட்டால்? டைபாய்டு வந்து மூன்று வாரம் கஞ்சி குடித்தால்? மெஷினில் கை மாட்டினால்? அப்போது நமக்கு ஒன்றுமே தெரியாது. 'லாஸ் ஆஃப் பே' என்று அக்கவுண்ட்ஸில் சொன்னால், 'சரிங்க சார்' என்று தலையாட்டிவிட்டு, மனைவியின் வளையலை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குக் கிளம்பிவிடுவோம்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்... உங்கள் சம்பளச் சீட்டை எடுங்கள். பி.எஃப். வரிக்குக் கீழே 'இ.எஸ்.ஐ.' என்று ஒரு குட்டி வரி இருக்கிறதா?

நான் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். எட்டுப் பேர், "அதுவா... ஏதோ பிடிக்கிறாய்ங்க சார்" என்றார்கள். ஒருத்தர், "மாத்திரை குடுப்பாய்ங்களே, அதுதானே?" என்றார். ஒரே ஒருத்தர் மட்டும் முழுசாகச் சொன்னார். அவர் ஏற்கெனவே அடிபட்டவர்!

வடையும் டீயும்

மாசச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 0.75 சதவிகிதம், அதாவது சுமார் 113 ரூபாய், உங்களிடம் பிடிக்கிறார்கள். முதலாளி தன் பங்காக 3.25 சதவிகிதம், சுமார் 488 ரூபாய் போட வேண்டும். 2019 ஜூலையிலிருந்து இதுதான் கணக்கு. நாம் போடுவது சில நாள் வடை, டீ காசு. முதலாளி போடுவது அதைப் போல நாலு மடங்குக்கும் மேலே.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடம் என்றால் இது வரும். மில், பட்டறை மட்டுமில்லை... ஜவுளிக் கடை, ஓட்டல், தனியார் கம்பெனி ஆபீஸ் எல்லாமே சேர்த்தி. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000.

சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-இல் போட்ட சட்டம் இது. 1952 பிப்ரவரி 24-ஆம் தேதி கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். தமிழ்நாட்டில் 1955-இல் கோயம்புத்தூரில் ஆரம்பித்தது. மதுரையில் தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி தெரியாதவர்கள் குறைவு. 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டம், சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. கடையின் போர்டு மாறியிருக்கிறது. உள்ளே இருக்கிற சரக்கு பெரும்பாலும் அதேதான்.

ஆஸ்பத்திரிதான் எல்லோருக்கும் தெரியுமே... வீட்டுக்குப் பணமும் தருவார்கள் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம்.

விதைப்பு, அறுப்பு

சாதாரணக் காய்ச்சல், மஞ்சள் காமாலை, ஆபரேஷன் என்று படுத்தால், தினச் சம்பளத்தில் 70 சதவிகிதம் கிடைக்கும். வருஷத்துக்கு 91 நாள் வரை. 15,000 ரூபாய்க்காரருக்கு ஒரு நாள் சம்பளம் சுமார் 500 ரூபாய். அதில் 350 ரூபாய் கைக்கு வரும். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஆக, பத்து நாள் சர்டிபிகேட் வாங்கினால் எட்டு நாளுக்கு 2,800 ரூபாய். (போன முறை படுத்து எழுந்து 15 நாளுக்குள் மறுபடியும் படுத்தால் அந்த இரண்டு நாள் கழிவு இல்லை.)

காசநோய், புற்றுநோய் மாதிரி நீண்ட நாள் வாட்டுகிற வியாதிகள் 34-க்குத் தனிப் பட்டியல் உண்டு. அதற்கு 80 சதவிகிதம், இரண்டு வருஷம் வரைக்கும்கூட. ஆனால் தொடர்ந்து இரண்டு வருஷம் வேலையில் இருந்திருக்க வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம்... அதை நம்ம சோழவந்தான் பக்கத்து விவசாயி சுலபமாகப் புரிந்துகொள்வார். நாற்று நட்ட மறுநாளே கதிர் அறுக்க முடியுமா? அதே கதைதான். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நீங்கள் விதைத்தது, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை அறுப்புக்கு வரும். அக்டோபர் முதல் மார்ச் வரை விதைத்தது, ஜூலை முதல் டிசம்பர் வரை. விதைக்கிற ஆறு மாசத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். புதுசாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் அறுப்பு சுமார் ஒன்பது மாசம் கழித்து. வைத்தியம் மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு.

இன்னொரு விஷயத்திலும் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். சம்பளத்தோடு லீவு எடுத்த நாளுக்கு இ.எஸ்.ஐ. பணம் கிடையாது. ஒரே நாளுக்கு இரண்டு சம்பளம் எப்படி வரும்? ஆபீஸில் உங்கள் கணக்கில் மிச்சமிருக்கிற ஈட்டிய விடுப்பைப் போட்டால் முழுச் சம்பளம். இ.எஸ்.ஐ. போனால் 70 சதவிகிதம். ஆனால் லீவு மிச்சம். எது லாபம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அக்கவுண்ட்ஸ்காரர் உங்களைக் கேட்காமலே லீவைக் கழித்துவிட்டு, 'நல்லதுதானே பண்ணேன்' என்பார். உஷார்!

அப்புறம்... சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு கொடைக்கானல் கிளம்பிவிடாதீர்கள். உதவித்தொகை வாங்குகிற நாளில் வேறு வேலை பார்க்கக் கூடாது. டாக்டர் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாது.

"வீட்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரு..."

இனி என் சிநேகிதன் கதைக்கு வருகிறேன். கப்பலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் அவனுக்கு வேலை. சம்பளம் 15,000. ஒரு நாள் பிரஸ் மெஷினில் வலது கை ஆள்காட்டி விரல் மாட்டிக்கொண்டது. நுனிக் கணு போய்விட்டது.

பட்டறைக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. உடனே வண்டி பிடித்துப் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பில்லையும் கட்டுகிறோம் என்றார்கள். வலியில் துடித்துக்கொண்டிருந்தவன் காதில் சூப்பர்வைசர் ஒரு வார்த்தை மட்டும் சொன்னார்:

"தம்பி, டாக்டர் கேட்டா வீட்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிரு. இல்லாட்டி இன்ஸ்பெக்டர், நோட்டீஸுன்னு பெரிய தலைவலி. உன்னை நாங்க பார்த்துக்கிறோம்."

இவனும் சரி என்றுதான் இருந்தான். ஆனால், விஷயம் தெரிந்து அலறி அடித்துக்கொண்டு வந்த அவன் அக்காவுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. டாக்டர் கேட்டதும், "மெஷினு கடிச்சிருச்சுங்கய்யா!" என்று போட்டு உடைத்துவிட்டார். டாக்டரும் அப்படியே எழுதிவிட்டார்.

அந்த ஒரு வரிதான் அவனைக் காப்பாற்றியது.

ஏன் என்று கேட்டால்... வீட்டில் விழுந்த கை, சட்டத்துக்கு வெறும் சீக்கு. 70 சதவிகிதம், 91 நாள், 78 நாள் சந்தா என்று அத்தனை கணக்கும் வந்து நிற்கும். வேலையில் போன விரல் என்றால் கதையே வேறு. முதல் நாள் வேலைக்குச் சேர்ந்து முதல் மணி நேரத்தில் அடிபட்டாலும் உரிமை உண்டு. தினச் சம்பளத்தில் 90 சதவிகிதம். ஆறுகிற வரைக்கும்! விரலோ கையோ நிரந்தரமாகப் போயிருந்தால் அதற்கப்புறம் ஆயுள் முழுக்க மாசா மாசம் பணம்.

கட்டுப் போட்டு ஒரு வாரம் ஆனது. "பார்த்துக்கிறோம்" என்றவர்கள் பில்லைக் கட்டினார்கள். சம்பளத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. விபத்து அறிக்கையும் அனுப்பவில்லை. நானும் அவனும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போனோம். கவுண்ட்டரில் இருந்தவர் நிதானமாகக் கேட்டார்.

"விபத்துப் பதிவேட்டுல எழுதினாய்ங்களா?"

"தெரியலைங்க."

"முதலாளிக்கு நீங்க எழுத்துல ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லைங்க. அவரு கண்ணு முன்னாடிதான நடந்துச்சு!"

"தம்பி, கண்ணு முன்னாடி நடந்தது ஃபைலுக்குத் தெரியாது. இப்பவாச்சும் ஒரு லெட்டர் எழுதிப் பதிவுத் தபால்ல அனுப்புங்க. ரசீதையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கிட்டு நாளைக்கே உங்க டிஸ்பென்சரி டாக்டரைப் பாருங்க."

அன்றைக்கே பெரிய தபால் நிலையத்துக்குப் போனோம். தேதி, நேரம், மெஷின், பக்கத்தில் நின்ற இரண்டு பேர் விவரம்... ஒரு பக்கத்தில் எழுதினோம். கிளை அலுவலகம் பட்டறையிடம் விளக்கம் கேட்டது. அறிக்கை தானாக வந்து சேர்ந்தது. டிஸ்பென்சரி டாக்டர் 45 நாளுக்குச் சர்டிபிகேட் கொடுத்தார். நாளுக்கு 450 வீதம் 20,250 ரூபாய் பாங்க் கணக்கில் விழுந்தது.

விரலுக்கு விலை

அதற்கப்புறம்தான் மெடிக்கல் போர்டு. உடம்பில் எந்தப் பாகம் போனால் சம்பாதிக்கிற சக்தியில் எவ்வளவு போகும் என்று சட்டத்தில் ஒரு பட்டியலே இருக்கிறது. கட்டைவிரல் முழுசாகப் போனால் 30 சதவிகிதம். ஆள்காட்டி விரல் முழுசுக்கும் 14. அதில் ஒரு கணு மட்டும் என்றால் 9. மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7. படிக்கும்போது வயிற்றைப் பிசையும். கறிக்கடை விலைப் பட்டியல் மாதிரி மனுஷ விரலுக்கு ரேட்டு!

ஆனாலும் அந்தப் பட்டியல் இல்லாவிட்டால், 'போனது போச்சு, இந்தா ஐயாயிரம்' என்று முடிந்துபோயிருக்கும். என் சிநேகிதனுக்கு 9 சதவிகிதம். 450-இல் 9 சதவிகிதம் என்றால் நாளுக்கு 40 ரூபாய் 50 காசு. மாசம் சுமார் 1,215 ரூபாய். அதே பட்டறையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தாலும், வேறு வேலைக்குப் போனாலும் இது நிற்காது.

"மாப்ள, முப்பது வயசிலேயே பென்ஷன் வாங்குறவன் நம்ம ஏரியாவுல நான் ஒருத்தன்தான்டா!" என்று சிரிக்கிறான். சிரித்துக்கொண்டே அந்தக் கையை மட்டும் பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்கிறான்.

போர்டு சொல்கிற சதவிகிதம் குறைவு என்று தோன்றினால் அப்பீலுக்கு வழி இருக்கிறது. இன்னொரு சேதி: வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியிலோ, திரும்புகிற வழியிலோ நடக்கிற விபத்தையும் 2010-இல் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். காளவாசல் சிக்னலில் பஸ் இடித்தாலும் வேலை விபத்துதான். ஆனால் நேரமும் வழியும் வேலையோடு பொருந்த வேண்டும். 'வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு...' என்று ஆரம்பித்தால் சிக்கல்!

பிள்ளை பெத்தது அவ... உனக்கெதுக்கு லீவு?

மகப்பேறு விஷயத்தில் நம்ம சட்டம் தாராளம்தான். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிற பெண்ணுக்கு 26 வாரம் முழுச் சம்பளம். 500 ரூபாய் தினச் சம்பளம் என்றால் 182 நாளுக்கு 91,000 ரூபாய். பிரசவத்துக்கு முன்னால் 8 வாரம் வரை எடுத்துக்கொள்ளலாம். முந்தைய இரண்டு சந்தாப் பருவத்தில் 70 நாள் இருந்தால் போதும். இரண்டு குழந்தை இருந்து மூன்றாவது என்றால் 12 வாரம். கருச்சிதைவுக்கு 6 வாரம். தமிழக அரசு ஊழியர் என்றால் 2021 ஜூலை முதல் ஒரு வருஷமே லீவு.

வேலைக்குப் போகிற மனைவியை வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற மாப்பிள்ளைமார்களே... ஹார்லிக்ஸ் பாட்டிலும் மாதுளம்பழமும் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறுகிறீர்களே, கூடவே அந்த ஐ.பி. நம்பரையும் ஆதார் விவரத்தையும் சரிபார்த்துக் கொடுங்கள். அதுதான் 91,000 ரூபாய் சீர்!

சரி, அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள் லீவு. தனியார் கம்பெனியில் சட்டப்படி... பூஜ்யம்! முதலாளி மனசு வைத்தால் உண்டு. 2017-இல் ராஜீவ் சாத்தவ் என்ற எம்.பி. இதற்கென்று ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2004 முதல், நம்ம இ.எஸ்.ஐ. போலச் சம்பளத்தில் பிடித்த பணத்திலிருந்தே, குழந்தை பெற்ற அப்பாவுக்கும், படுத்துக் கிடக்கிற தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் உதவித்தொகை தருகிறார்கள். இங்கே நம்ம அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இ.எஸ்.ஐ. வைத்தியம் பார்க்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மகனின் சம்பளத்துக்கு யாரும் பொறுப்பில்லை. புதுச் சட்டத்தில் ஒரு சின்ன ஆறுதல்: வேலைக்குப் போகிற பெண், தன்னை நம்பியிருக்கிற மாமனார் மாமியாரையும் குடும்பக் கணக்கில் சேர்க்கலாம். மருமகள் சம்பளத்தில் மாமியாருக்கு வைத்தியம்... சீரியல்காரர்கள் பிழைப்பு என்னாவது!

21,000-ஐத் தாண்டியவர்களுக்கு...

'நமக்குத்தான் சம்பளம் ஜாஸ்தியாச்சே' என்று மீசையை முறுக்குகிறவர்கள் கொஞ்சம் கவனிக்க. சந்தாப் பருவத்தின் நடுவில் சம்பளம் ஏறினால் அந்தப் பருவம் முடிகிற வரை இ.எஸ்.ஐ. தொடரும். அதற்கப்புறம் கிடையாது. மகப்பேற்றுக்கும் வேலை விபத்துக்கும் முதலாளியே கைப்பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். கடை, தனியார் ஆபீஸ்களுக்குத் தமிழ்நாட்டில் 1947-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு... எல்லாம் சம்பளத்தோடு. மூன்றாவது பன்னிரண்டைப் பல ஆபீஸ்களில் கண்ணிலேயே காட்டுவதில்லை. கேட்டுப் பாருங்கள்!

பர்ஸில் மடித்து வைக்க...

* ஐ.பி. நம்பர் பத்து இலக்கம். உங்களுக்கும் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். பெயர், ஆதார், பாங்க் கணக்கு மூன்றிலும் எழுத்துப் பிழை இல்லாமல் பாருங்கள்.

* சம்பளத்தில் பிடித்ததை முதலாளி கட்டினாரா என்று இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பார்க்கலாம். அவர் கட்டவில்லை என்றால் தவறு அவருடையது. உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

* அவசரத்துக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், அங்கே கொடுத்த காகிதங்களோடு சீக்கிரமே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டரைப் பாருங்கள். அவர் தருகிற சர்டிபிகேட்தான் பணத்துக்குச் சாவி.

* வேலையில் அடிபட்டால் அன்றைக்கே பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் நீங்களே கடிதம் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

* டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். யார் காதில் என்ன சொன்னாலும் சரி.

கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதில் யாரும் நமக்குப் பிச்சை போடவில்லை. மாசா மாசம் நாமே கட்டி, நமக்காக முதலாளியும் கட்டிய பணம். கவுண்ட்டரில் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை. அதே சமயம், அந்தப் பணம் நம்மைத் தேடி வீட்டுக்கு வரவும் வராது. அடிபட்ட முதல் நாளில் காகிதத்தில் என்ன எழுதப்பட்டதோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

என் சிநேகிதன் இப்போது அந்தப் பட்டறையில் புதுசாகச் சேருகிற பையன்களுக்கு மெஷினைக் காட்டுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்கிறானாம்: "ஐ.பி. நம்பர் வந்துருச்சா? அடிபட்டா யாருகிட்ட எழுதிக் குடுக்கணும்னு தெரியுமா?"

உங்கள் ஆபீஸில் புதுசாக யாராவது சேர்ந்திருக்கிறார்களா? டீக்குக் கூப்பிடும்போது நீங்களும் கேட்டு வையுங்கள்.